வண்டிக்கு வைத்த பொட்டு

பயணத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று எழுதுகிறவர்கள் எவரும், மனத்தாங்கலோடு இருக்கும் மனைவியை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ஒரு வரி எழுதுவதில்லை. திருப்பூரிலிருந்து மரக்காணம் வரை நான் ஓட்டியது சாதாரண டீசல் கார்தான். ஓட்டிய விதத்தைப் பார்த்தவர்கள், பின்சீட்டில் முட்டைத் தட்டு அடுக்கியிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் மகன் கதிர் பாண்டிச்சேரியில் வேலை பார்க்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெனி என்ற மரக்காணத்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதற்கப்புறம் எங்களுக்குப் போன் செய்தான். பெண் வீட்டார் வேதக்காரர்கள் என்பதில் என் மனைவி பூங்கொடிக்கு வருத்தம் இருந்தது. அது ஒரு வாரத்து வருத்தம். "என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் பண்ணிட்டான்" என்பது மட்டும் ஆறவேயில்லை. அன்று முதல் மகனோடு பேச்சில்லை. மருமகளைப் பார்த்ததில்லை. சம்பந்தி என்று ஒருவர் இருப்பதையே அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது பேத்தி பிறந்து தவழ்கிறாள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, கீழ்புத்துப்பட்டுப் பக்கத்துக் கோயிலில் அவளுக்கு ஞானஸ்நானம். நான் கெஞ்சினேன், பட்டினி கிடந்தேன் (மதியத்திலிருந்து சாயங்காலம் டீ நேரம் வரை), கடைசியில் பூங்கொடி சம்மதித்தாள். ஒரு நிபந்தனையோடு.

"வர்றனுங்க. கோயில்ல கொழந்தையப் பாத்துட்டுத் திரும்பிரோணும். அவங்க ஊட்டுக்கெல்லாம் வரமாட்டேன். வழியில ஒரே ஒரு சகுனம் தப்புனாலும் அங்கயே வண்டியத் திருப்பிரோணும்."

சகுனம் பார்ப்பதில் பூங்கொடி பஞ்சாங்கத்துக்கே பாடம் எடுப்பாள். ஆக, வெள்ளிக்கிழமை காலையில் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது, வழியில் பூனை, ஒற்றைத் தும்மல், எதிரே காலிக்குடம் ஆகிய எல்லாவற்றையும் தாண்டி ஒரு பெண்மணியைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு என் தலையில் இருந்தது. அவள் மடியில் ஒரு பெரிய பை. ஜிப் போட்டது. டிக்கியில் வைக்கலாமே என்றேன். "இருக்கட்டுமுங்க" என்றாள். உள்ளே என்ன என்றேன். "ஒண்ணுமில்லீங்க." அந்த ஒண்ணுமில்லாததை இருநூறு மைல் அணைத்துக்கொண்டே வந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கப்புறம் அவள் கண் அசந்தாள். ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் என் கண்ணெதிரே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. அடுத்த வேகத்தடையில் அணைந்தது. அதற்கடுத்ததில் மறுபடி எரிந்தது. கண்ணடிக்கிற மாதிரி.

இந்த இடத்தில் விவேகமுள்ள மனிதன் வண்டியை ஓரங்கட்டி பானெட்டைத் திறப்பான். நான் பூங்கொடியின் பக்கத்துக் கண்ணாடியில் அவள் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, அந்த மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. என் வாழ்நாளில் நான் பார்த்த ரிப்பேர்களிலேயே உடனே பலித்தது அது ஒன்றுதான்.

சாயங்காலம் மரக்காணத்தில் லாட்ஜ். பாண்டிச்சேரியில் தங்கலாம் என்று கதிர் சொன்னதை நான் வீட்டில் சொல்லவே இல்லை. சம்பந்தி சவரிமுத்துவின் வீடு அந்த லாட்ஜிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது என்பதையும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கைராசி உண்டு.

சனிக்கிழமை காலை, பஸ் நிறுத்தத்தை ஒட்டிய மெஸ்ஸில் இட்லி. சென்னைக்குப் போகிற பஸ்ஸும் பாண்டிக்குப் போகிற பஸ்ஸும் மாற்றி மாற்றி ஹாரன் அடித்து எங்களைப் பந்தி விசாரித்தன. எங்கள் ஊரில் இட்லிக்குக் குருமா தருவார்கள். இங்கே காலை ஏழு மணிக்கே மீன் குழம்பு ஊற்ற வந்தார்கள். பக்கத்து மேசையில் ஒருவர் எதிரே இருந்தவரிடம், "ராத்திரி வெச்ச கொழம்புப்பா, இன்னைக்குத்தான் மீன் கொழம்போட பேச ஆரம்பிக்கும்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். பூங்கொடி தன் தட்டைக் கையால் மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. குழம்பு சரளமாகவே பேசியது.

சாம்பாரில் உப்பு கம்மி. உப்பு விளைகிற ஊரில் உப்பு கம்மி. "அந்த உப்பை எடு" என்று கை நீட்டினேன். பூங்கொடி கிண்ணத்தை என் கையில் தராமல் மேசைமேல் நகர்த்தி வைத்தாள்.

"கைக்குக் கை உப்பு குடுத்தாச் சண்டை வருமுங்க. தெரியாதா?"

"நமக்குள்ள இனிமேல் புதுசா என்ன சண்டை வரப்போவுது?"

"பழசெல்லாம் இன்னும் இருக்குதில்லீங்" என்றாள்.

சாப்பிட்டதும், உப்பு எப்படி விளைகிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். இது நல்ல சகுனம் என்று என் மனக்கணக்கில் எழுதிக்கொண்டு, உப்பளத்துக்குப் போகிற மண்பாதையில் வண்டியைத் திருப்பினேன்.

சித்திரை வெயிலில் உப்பளத்தைப் பார்ப்பது, வெயிலையே இரண்டு தடவை பார்ப்பது. மேலே ஒன்று, பாத்தியில் ஒன்று. வரப்பு கட்டிய பாத்திகளில் தண்ணீர் கண்ணாடியாய் நின்றது. சில பாத்திகளில் ஆட்கள் நீளக் கம்பில் பலகை கட்டி உப்பை இழுத்து ஓரம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பூங்கொடி ஜன்னலை இறக்கி, "பனியன் துணியைச் சாயம் போடறதுக்கு முன்னாடி வெளுத்துப் போட்ட மாதிரியே இருக்குது பாருங்க" என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் எதையாவது பார்த்து ரசித்துச் சொன்ன முதல் வாக்கியம்.

அப்போது வண்டி நடுங்கியது.

முதலில் லேசாக. பிறகு, சளி பிடித்த கிழவர் சிரிக்கிற மாதிரி மொத்தமாகக் குலுங்கியது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் சத்தம் வந்தது, வேகம் வரவில்லை. ஒரு பூவரச மரத்தடி வரைக்கும் முக்கி முனகி வந்து, நின்றது.

என் பதற்றத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் வைப்பரைப் போட்டேன். வெயில் கொளுத்துகிறது, வைப்பர் இடமும் வலமும் ஆடுகிறது. பிறகு ஹாரனை அடித்தேன். இறங்கிப்போய் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. நாலு டயரையும் உதைத்தேன். நாலிலும் காற்று இருந்தது. ஒரு மனிதன் தனக்குத் தெரிந்த எல்லா வைத்தியமும் பார்த்துவிட்ட திருப்தியோடு திரும்பினால், பூங்கொடி மரத்தடியில் பையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"சகுனமுங்க" என்றாள். அவ்வளவுதான்.

"இது சகுனமில்ல, இது வந்து... வண்டி மூச்சு வாங்குது. மெக்கானிக்கைக் கூப்பிடறேன்" என்று பத்தடி தள்ளிப்போய்க் கதிருக்குப் போன் போட்டேன்.

"அப்பா, பதறாதீங்க. மாமா அந்தப் பாத்திக்குப் பக்கத்துலதான் லாரியில லோடு ஏத்திட்டிருப்பார். அனுப்பறேன்" என்றான்.

மாமா என்றால் சவரிமுத்து. யாருடைய வீட்டுக்கும் வரமாட்டேன் என்றவளுக்கு எதிரில், சம்பந்தியே டூல்பாக்ஸோடு வந்து நின்றால் என்ன ஆகும்? நான் உடனே சவரிமுத்துவுக்குப் போன் போட்டு, இதுவரை யாரும் யாரிடமும் வைக்காத ஒரு கோரிக்கையை வைத்தேன். "வாங்க. ஆனா நீங்க நீங்களா வராதீங்க. மெக்கானிக்கா வாங்க."

"புரிஞ்சிடுச்சு. ஜமாய்ச்சிடலாம்" என்றார்.

உப்பு லாரி ஓட்டுகிறவர் சவரிமுத்து. நல்ல உயரம், நரைத்த மீசை, எதையும் அறிவிப்பாகச் சொல்கிற குரல். டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கி, சட்டையின் மேல் பட்டனைப் போட்டு, கழுத்துச் சிலுவையை உள்ளே தள்ளினார். அந்த நடிப்புக்கு அதுதான் மேக்கப்.

"வணக்கம் சம்... சார். வண்டிக்கு இன்னா?"

"நடுங்குதுங்க, மெக்கானிக்" என்றேன். மெக்கானிக் என்ற சொல்லை அவ்வளவு அழுத்தி எந்தத் தமிழனும் சொல்லியிருக்கமாட்டான்.

பூங்கொடி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். மரத்து வேரில் உட்கார்ந்தாள்.

சவரிமுத்து பானெட்டைத் திறந்தார். "என் கை பட்டா இன்ஜின் வாயத் தொறந்து பேசும் சார். இது டீசல்ல தண்ணி. உங்க ஊர்ப் பக்கம் போட்ட டீசல்தானே? அதான்" என்று தீர்ப்பு சொல்லி, ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, வெட்டிய பாட்டிலில் கொஞ்சம் பிடித்தார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் இல்லை. சுத்தமான திருப்பூர் டீசல்.

"அப்போ காத்து புடிச்சிருக்குது" என்று கைப்பம்பை அழுத்தினார். ஸ்டார்ட் செய்யச் சொன்னார். வண்டி ஸ்டார்ட் ஆகி, மறுபடி குலுங்கி, இருமியது. அவர் முகத்தில் அறிவிப்பு குறைந்தது.

"இன்ஜெக்டர் போச்சு சார். பாண்டிக்கு இழுத்துக்கினு போவணும். ரெண்டு மூணு நாள் ஆவும்."

என் வயிற்றில் மீன் குழம்பு பேச்சை நிறுத்தியது. பூங்கொடி எழுந்தாள். முந்தானையை உதறினாள். பையைத் தோளில் மாட்டினாள்.

"திண்டிவனம் பஸ் எங்கீங்க நிக்கும்?"

அவள் கேட்டது என்னையல்ல. சவரிமுத்துவை. அந்த மனிதர் கையில் ஸ்பேனரோடு என்னைப் பார்த்தார். பேத்திக்கு நாளைக் காலையில் ஞானஸ்நானம். ஜெனி ஒரு வாரமாக, "அத்தை வர்றாங்களா, அத்தை வர்றாங்களா" என்று கேட்டுக்கொண்டிருப்பதாகக் கதிர் என்னிடம் சொல்லியிருந்தான். அது இவர் காதிலும் விழுந்திருக்கும். "பஸ்ஸு..." என்று ஆரம்பித்தவர், பாதையைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி பாத்துடறேம்மா. ஒரே வாட்டி. சார், செல்ஃப் அடிங்க" என்றார். அறிவிப்புக் குரல் இல்லை. கேட்கிற குரல்.

நான் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் டக டக டக் என்று குலுங்கியது. நாலடி நடந்துவிட்ட பூங்கொடி நின்றாள்.

இங்கே பூங்கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டியவள். இன்றைக்கு எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் ஆறு மிஷின் ஓடுகிறது, எல்லாம் அவள் பொறுப்பு. அடுப்படியில் இருந்துகொண்டு, "மூணாவது மிஷின் தையல் விடுது, போய்ப் பாருங்க" என்பாள். பழுதான மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் தாண்டிப் போக அவள் காலுக்குத் தெரியாது.

"ஏனுங்க, ஆஃப் பண்ணாதீங்க" என்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பையை இறக்கி வைத்தாள். "இது தையல் விடுதுங்க. நாலு தையல்ல மூணு உழுவுது, ஒண்ணு உழுவுல."

சவரிமுத்து பார்த்தார். "நாலு சிலிண்டர்தாம்மா."

"நாலு நூல் மிஷின்ல ஒரு நூல் அறுந்தா மிஷினையே தூக்கி எறிவாங்களா? எந்த நூலுன்னு ஒவ்வொண்ணா இழுத்துப் பாப்போம். இதுல அப்புடி இழுத்துப் பாக்க வழியில்லீங்களா?"

சவரிமுத்து தன் நெற்றியில் ஸ்பேனராலேயே தட்டிக்கொண்டார். "இருக்குது. இருக்குதும்மா. கப்ளரு." என்னைப் பார்த்து, "உப்பு லாரியில இன்ஜின் நடுங்குனா மொதல்ல வயர் கப்ளரத்தான் கழட்டிப் பாப்போம் சார். உப்புக் காத்துல பச்சை பூத்துடும். இது வெளியூர் காரு, எங்க ஊரு வியாதி இதுக்கு வராதுன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

இன்ஜின் மேல் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே வரிசையாக நாலு இன்ஜெக்டர், ஒவ்வொன்றின் தலையிலும் வயர் வந்து சேருகிற ஒரு கப்ளர். நான் ஆர்வக்கோளாறில் கையை நீட்டினேன். "ஓடறப்போ தொடாதீங்க, கரன்ட் சுருக்குனு அடிக்கும். ஆஃப் பண்ணிட்டுத்தான் கழட்டணும்" என்று என் கையைத் தட்டினார். நான் பொறுப்பான இடத்துக்கு, அதாவது சாவிப் பக்கம், மாற்றப்பட்டேன்.

முதல் கப்ளரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட். இன்ஜின் இன்னும் மோசமாக இருமியது. "அப்போ இவன் வேலை செய்யறவன். இருந்தவனும் போனதாலதான் இன்னும் நடுங்குது" என்று திரும்ப மாட்டினார். இரண்டாவது. மறுபடி மோசம். இவனும் உழைப்பாளி. மூன்றாவதைக் கழற்றினார். ஸ்டார்ட் செய்தேன்.

சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இருந்தபோதும் அதே நடுக்கம், இல்லாதபோதும் அதே நடுக்கம்.

"இதுதானுங்க அந்த நூலு" என்றாள் பூங்கொடி.

சவரிமுத்து அந்தக் கப்ளரை வெளிச்சத்தில் திருப்பினார். அதன் பூட்டு முழுதாக விழவேயில்லை. பூட்டுக்கு அடியில் எதுவோ கெட்டியாக உறைந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார். என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் சிரிப்பு ஏறுவதும், அதை அவர் பிடித்து உள்ளே தள்ளுவதும் தெரிந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆயுத பூஜை.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் மிஷினுக்கு மேலே பொட்டு வைத்துவிட்டுப் போகிற வழக்கமில்லை. உழைக்கிற பாகத்துக்கு வைக்க வேண்டும். ஓவர்லாக் மிஷினில் ஊசிக் கட்டைக்கும் லூப்பருக்கும் வைப்போம். கார் வாங்கினதிலிருந்து, "சும்மா பளபளன்னு இருக்கிற பானெட்டுக்கு எதுக்குங்க பொட்டு? உள்ள வேலை செய்யறவங்களுக்கு வைக்கோணும்" என்பது பூங்கொடியின் கட்சி. வருஷா வருஷம் நான் மூடியைக் கழற்றித் துடைப்பேன். அவள் நாலு பேருக்கும் பன்னீரில் குழைத்த சந்தனம், மேலே குங்குமம் வைப்பாள். போன ஐப்பசிக்கு முன்னால் வைத்த பொட்டு, பூட்டு இடுக்கில் வழிந்து இறங்கி, காய்ந்து, ஆறு மாதமாக அந்தக் கப்ளரைப் பாதி மூடிய வாயோடு வைத்திருக்கிறது.

இப்போது நான் பயந்தது வண்டிக்காக அல்ல. சகுனம் தப்பியது என்று திரும்பப் போகிறவளிடம், அந்தச் சகுனத்தைக் குழைத்து வைத்ததே நீதான் என்று எப்படிச் சொல்வது? வெட்கப்பட்டாலும் போய்விடுவாள், கோபப்பட்டாலும் போய்விடுவாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று சவரிமுத்துவுக்குச் சைகை காட்டினேன். இரண்டு கையையும் விரித்து, கடல் பக்கம் காட்டி, காற்று ஊதிக் காட்டினேன். என்னை அப்போது பார்த்த உப்பளத்துக்காரர்கள், வெயில் ஆளை அடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

சவரிமுத்து தொண்டையைச் செருமினார். "உப்புக் காத்தும்மா. வேற ஒண்ணுமில்ல."

பூங்கொடி குனிந்து கப்ளரைப் பிடித்துப் பார்த்தாள்.

"உப்புக் காத்து மஞ்சளாவா அண்ணா இருக்கும்? சந்தன வாசம் வேற அடிக்குது."

"தொடச்சது நான்" என்றேன் நான். "கப்ளரைத் திருகித் திருகித் தொடச்சது நான்தான். பூட்டு அப்பவே தளர்ந்திருக்கும்."

"பொட்டு வெச்சது நான்" என்றாள் பூங்கொடி. பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி, நான் மறுபடி வைப்பரைப் போடத் திரும்பினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாங்களும் வைப்போம்மா" என்றார் சவரிமுத்து அவசரமாக. "லாரி ஸ்டாண்டுல எல்லாரும் வைப்போம். முன்னாடி கண்ணாடியில மாதா படம், அதுக்கு மாலை. இன்ஜினுக்குச் சந்தனம். ஆனா நாங்க ரேடியேட்டர் மேல வைப்போம். அதுக்கு வயரு கெடையாது."

குனிந்தவரின் சட்டையிலிருந்து சிலுவை வெளியே நழுவித் தொங்கியது. அவசரமாக அதை உள்ளே தள்ளினார்.

"இருக்கட்டும் சம்பந்தி" என்றாள் பூங்கொடி. "ஸ்பேனர வெச்சுட்டு மொதல்ல தண்ணி குடிங்க. வந்ததுல இருந்து வேர்த்து ஊத்துது."

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"கல்யாணப் போட்டோ உங்க போன்லதானுங்க இருக்குது. நீங்க தூங்கறப்பத் தெனமும் பாக்கறேன்" என்றாள், பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே.

தெனமும்.

அதற்கப்புறம் நடந்தது வெறும் வேலை. அது நன்றாகவே நடந்தது. சவரிமுத்துவின் பெட்டியில் கப்ளர் கழுவுகிற ஸ்ப்ரே இருந்தது. "உப்பு லோடு ஓட்டறவன் சோறு இல்லாமக்கூடக் கிளம்புவான், இது இல்லாமக் கிளம்பமாட்டான்." பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சந்தனத்தைத் தேய்த்தெடுத்தார். பின்களில் பூத்திருந்த பச்சையை எடுத்தார். உள்ளே பின்னைக் கவ்வுகிற தகடு விரிந்துபோயிருந்தது. ஆட்டினால் ஆடியது. அதை நெருக்க மெல்லிசாக ஏதாவது வேண்டும் என்று பெட்டியைக் குடைந்தார். பூங்கொடி பர்ஸிலிருந்து ஊசி எடுத்துக் கொடுத்தாள். அவர் தகட்டை ஓரமாகத் தள்ளித் தள்ளி நெருக்கினார். அவள் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "போதும், போதும், ரொம்ப நெருக்குனா ஏறாது" என்றாள். கப்ளரை அழுத்தினார். டிக் என்று பூட்டு விழுந்தது. பூட்டின் ஒரு காது உடைந்திருந்ததால், வலை பின்னுகிற நைலான் நூலால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சைப் பூங்கொடி சரிபார்த்தாள். மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, பூட்டினார்கள். நான் சாவிப் பொறுப்பில் இருந்தேன்.

ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் சமர்த்தாக ஓடியது. சவரிமுத்து ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் வயர்களை மெல்ல ஆட்டிப் பார்த்தார். சத்தம் மாறவில்லை. பூங்கொடி கண்ணை மூடிக் கேட்டாள். "நாலும் உழுவுது" என்றாள்.

பிறகு காருக்குள் எட்டிப் பார்த்தவள், "ஏனுங்க, என்ற பொட்டு எதுக்கு அங்க ஒட்டியிருக்குது?" என்று மீட்டரைக் காட்டினாள். நான் பாத்தியின் மறுகரையில் நின்ற கொக்கை மிகக் கவனமாகப் பார்த்தேன். அவள் பொட்டை உரித்தாள். அடியில் விளக்கு அப்போதும் எரிந்தது. "அது தானா அணையாது. கம்ப்யூட்டர் வெச்சு அழிக்கணும், பாண்டியில பண்ணிக்கலாம்" என்றார் சவரிமுத்து.

"நேத்துல இருந்தா?" என்றாள் பூங்கொடி என்னிடம்.

"மத்தியானத்துல இருந்து."

"நான் பாத்திருந்தா திரும்பியிருப்பேன்" என்றாள். கொஞ்ச நேரம் பொட்டை விரல் நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, பழைய இடத்தில், கண்ணாடியில் ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறையக் கூட்டம். சாமியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது, அது அழாமல், ஊற்றுகிற கிண்ணத்தைப் பிடிக்கப் பார்த்தது. "எட்டிப் புடிக்குது பாருங்க" என்றாள் பூங்கொடி, பக்கத்திலிருந்த யாரோ ஒரு அம்மாவிடம். வெளியே வந்ததும் கதிர் எங்கள் எதிரில் வந்து நின்றான். அவள் அவன் சட்டையைப் பார்த்தாள்.

"பட்டன் யாரு தெச்சது?"

"நான்தாம்மா."

"தெரியுது" என்றாள். பர்ஸிலிருந்து அதே ஊசியை எடுத்தாள். கோயில் வாசல் வேப்பமரத்தடியில், அவன் அசையாமல் நிற்க, அவள் பல்லால் நூலைக் கடித்துப் பட்டனைத் தைத்து முடித்தாள். ஜெனி குழந்தையோடு பக்கத்தில் வந்து நின்று, "அத்தை, வீட்டுல சாப்பாடு" என்றாள் தயங்கித் தயங்கி. சவரிமுத்துவின் வீட்டுக்குத்தான். பூங்கொடி பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறினாள்.

அங்கே சாப்பாட்டுக்கப்புறம் பையின் ஜிப் திறந்தது. உள்ளே சட்டைகள். எங்கள் ஷெட்டு பனியன் துணியில் தைத்தவை. பிறந்த குழந்தைக்கு ஆகிறது ஒன்று, அதைவிடக் கொஞ்சம் பெரியது ஒன்று, அதற்கும் பெரியது ஒன்று. பேத்தி அங்கே வளர வளர, இங்கே அவள் தைத்து அடுக்கியிருக்கிறாள், அனுப்பாமல். நாலு சட்டைதான் இப்போது பேத்திக்குப் போட முடியும். மற்றதெல்லாம் சின்னது. ஜெனி அந்தச் சின்னச் சட்டைகளையும் ஒன்றுவிடாமல் மடித்து, தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் எழுந்துபோய் இறால் இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தேன். சில நேரங்களில் ஒரு ஆண்பிள்ளைக்கு இறால் அவசியப்படும்.

திங்கட்கிழமை காலை கிளம்பினோம். சவரிமுத்து டிக்கியில் ஒரு மூட்டை உப்பை ஏற்றினார். "இந்த வருசத்து முதல் உப்பும்மா. மணி மணியா இருக்குது பாருங்க" என்று மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு கை அள்ளி நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த வழக்கம் அந்த ஊரிலும் உண்டு போலிருக்கிறது. கை பாதியில் நின்றது. "கீழ வெச்சிடறேன், எடுத்துக்குங்க" என்று தடுமாறினார்.

என் கை தானாக வைப்பர் பக்கம் போனது.

பூங்கொடி தன் உள்ளங்கையை அவர் கைக்குக் கீழே விரித்தாள்.

"குடுங்கண்ணா. போட வேண்டிய சண்டையெல்லாம் ரெண்டு வருசமா போட்டாச்சு."

உப்பு அவர் கையிலிருந்து அவள் கைக்கு விழுந்தது. அவள் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள், மிச்சத்தை முந்தானையில் முடிந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, இன்ஜினைக் கேட்டாள்.

"போலாமுங்க" என்றாள்.